கலைமதியை நான் ஏன் அனுப்பவில்லை

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் நெடுமாறனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும், மழைக்கு ஒதுங்கி வந்து இப்போது வாசற்படியைத் தன் பேருக்கே எழுதி வாங்கிக்கொண்ட அந்தச் செவலை நாயும் சுகம். உன் சுகத்தையும் எழுது என்று கேட்பதுதான் முறை. கேட்டால் "நல்லா இருக்கன்" என்று ஒரு வார்த்தை சொல்வாய், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, அதனால் கேட்கவில்லை. போன் இருக்கும்போது இவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஆடி அமாவாசையோடு நீ என்னிடம் பேசுவது "சாப்டியா, நைனாகிட்ட குடு" என்பதோடு நின்றுபோனது. கொஞ்சம் இழுத்துப் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தால் அது மேஜை மேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும், வைத்துப் பார். அதோடு நான் சொல்ல வேண்டிய சில விஷயங்களை உன் நைனா பக்கத்தில் உட்கார்ந்து டிவி சத்தத்தைக் குறைத்துக் காதை நீட்டும்போது சொல்ல முடியாது.

முதலில் வீட்டு விஷயம். உன் நைனாவுக்குச் சர்க்கரை குறையவில்லை, வாய் மட்டும் நன்றாக இருக்கிறது. கோட்டையைப் பார்க்க இப்போதெல்லாம் வெளியூர்க் கார்கள் வரிசை கட்டி வருகின்றன, நம் தெருவிலேயே நிறுத்திவிட்டுப் போகிறார்கள், உன் நைனா ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு யாரும் கேட்காமலே அவர்களுக்கு வழி சொல்கிறார். என் ரேஷன் கடை எப்போதும் போல இருக்கிறது. தீபாவளிக்கு வரவேண்டிய பாமாயில் வரவில்லை, ஜனங்கள் என்னவோ நான் அதைக் குடித்துவிட்டது மாதிரி பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகம் உன்னைக் கேட்டாள். உன் பெண்கள் ஆடுகிற ரக்பியை அவளுக்கு டிவியில் காட்டினோம், பந்து ஏன் வெள்ளரிப்பழம் மாதிரி இருக்குது, நல்ல பந்து வாங்கித் தர ஆள் இல்லையா என்றாள். உன் நைனா இன்னும் ஒரு படி மேலே போய், கையில் வைத்துக்கொண்டு ஓடுவது, பிடித்தால் விழுவது, இது கபடிதானே, நடுவில் பந்து எதற்கு என்கிறார். நீ கல்கத்தாவில் பெரிய கிளப்பில் பெண்களுக்கு உடற்பயிற்சிக் கோச்சாக இருக்கிறாய் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், இவர்கள் இப்படிப் பேசி மானத்தை வாங்குகிறார்கள்.

இப்போது கலைமதி விஷயம். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். நீயே விளையாட்டு ஹாஸ்டலில் பார்த்துப் பொறுக்கி எடுத்து, ஓட்டக்காரியை ரக்பிக்காரியாக்கிக் கல்கத்தாவுக்குக் கூட்டிப்போன பெண். ஆனி கடைசியில் சித்தப்பா மகள் கல்யாணம் என்று நாலு நாள் லீவு போட்டு மேல்மலையனூருக்கு வந்தவள் லீவு முடிந்தும் திரும்பவில்லை, போனை அணைத்து வைத்துவிட்டாள். அன்று காலை நீ என்னைக் கூப்பிட்டாய். "அம்மா, அடுத்த மாசம் டோர்னமெண்ட், அவ இல்லன்னா பெரிய கோச் என்னத்தான் கேப்பாரு, நீ ஒரு நடை போய்ப் பேசு, எவ்வளவோ ஜனத்த வெறும் பையோட திருப்பி அனுப்பி இருக்க, இந்த ஒரு பொண்ண பஸ் ஏத்திவிட முடியாதா" என்று கேட்டாய். அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைக்க மாட்டேன். இன்னிக்கு ஆடி அமாவாசைடா, மலையனூர் பக்கம் ஈ காக்கா நுழைய முடியாது என்றேன். பயிற்சிக்கு அமாவாசை பௌர்ணமி எல்லாம் கிடையாது என்றாய். சரி, பிள்ளை வேலைக்கு ஆபத்து என்று நானும் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறினேன் என்று சொல்ல முடியாது, தூக்கி உள்ளே போட்டார்கள். என் காலடியில் ஒரு சேவல், மடியில் யார் வீட்டுக் குழந்தையோ, முகத்துக்கு நேரே ஒரு வேப்பிலைக் கட்டு. போகிற வழியெல்லாம் அவளை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நம்பி அனுப்பினவன் தலை குனியலாமா, எத்தனை பேர் இந்த இடத்துக்கு ஏங்குகிறார்கள், சோம்பேறித்தனத்துக்கு ஒரு அளவில்லையா என்று வரிசையாக வைத்திருந்தேன். நல்ல பேச்சு. வீணாகப் போனது.

அவள் அம்மா சுமலதா கோயிலுக்குப் போகிற வழியில் எலுமிச்சம்பழ மாலையும் குங்குமமும் சூடமும் விற்கிறாள். நான் இன்னார் என்று சொன்னதும் எழுந்து நிற்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. "மாறன் சாரு அம்மாவா, கூட்டிக்கினு போவத்தான வந்தீங்க, தாராளமா கூட்டிக்கினு போங்க, எழுப்ப முடிஞ்சா" என்று கடைக்குப் பின்னால் கையைக் காட்டினாள். அங்கே சூடப் பெட்டிகளுக்கு நடுவில் சாக்கு விரித்து உன் ஆட்டக்காரி தூங்கிக்கொண்டிருந்தாள். மாறா, ஆடி அமாவாசைக் கூட்டம் உனக்குத் தெரியும். நாலு பக்கமும் பம்பை, உடுக்கை, மைக்கில் காணாமல் போன பிள்ளைகளின் பேர், தலையை விரித்துப்போட்டு ஆடுகிற பெண்கள். ஒருத்தி ஆடிக்கொண்டே வந்து கடைக்காலில் மோதி எலுமிச்சம்பழமெல்லாம் உருண்டு இவள் முகத்தின் மேலேயே விழுந்தது. இவள் அசையவில்லை. எனக்கு ஒரு நிமிஷம் பயமாகிப் போய் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். சுமலதா சொன்னாள், "வந்ததுலேந்து இதான்க்கா. எழுந்தா சோறு துன்றா, துன்னா தூங்குறா. கல்யாணத்துக்கும் மண்டபத்துல ஒரு மூலையில தூங்கினா. காத்து கருப்பு எதுனா புடிச்சிருக்குமோன்னு பூசாரியாண்ட கூட்டிப் போனன். அவரு பாத்துட்டு, பேய் புடிச்சவ ஆடுவாம்மா, இவ உக்காந்தே தூங்குறா, இது எங்க வேல இல்ல, டாக்டராண்ட காட்டுன்னு சொல்லிட்டாரு." மலையனூர்ப் பூசாரியே கையை விரித்த கேஸ் என்றால் உங்கள் கேம்பின் பெருமையை நான் என்ன சொல்வது. சுமலதா அதோடும் விடவில்லை. "எங்க அங்காளம்மாகூட அமாவாசைக்கு ஒரு நாள்தான்க்கா ஆடுறா, மிச்ச நாள் கம்முனு உக்காந்திருக்கா. உங்க புள்ள எம்பொண்ண தெனம் ஆடச் சொல்றாரே, இன்னா நியாயம்" என்று கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் விற்றேன்.

சாயங்காலம் ஆகிற நேரத்தில் எழுந்தாள். என்னைப் பார்த்ததும் "பெரிம்மா" என்று தடுமாறி எழுந்து கும்பிட்டாள். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன். கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டி, சரி பெரிம்மா, சரி பெரிம்மா என்று கேட்டுக்கொண்டாள். சோம்பேறித்தனம் என்கிற இடத்துக்கு வரும்போது பார்த்தால் கண் பாதி திறந்தபடியே தூங்கிவிட்டாள். என் பேச்சைக் கேட்டு அழுதவர்கள் உண்டு, சண்டைக்கு வந்தவர்கள் உண்டு, கலெக்டருக்கு மனு போட்டவர்கள்கூட உண்டு. தூங்கினவள் இவள் ஒருத்திதான். ரெண்டு வருஷம் முன்னால் பொங்கலுக்கு நீ அழைத்து வந்தாயே, உன் நைனாவோடு கைமல்லுக்கு உட்கார்ந்து அவர் கையை மடக்கிப்போட்டுச் சிரித்தாளே, அந்தப் பெண்ணா இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, முழங்கால் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சுமலதாவிடம் கேட்டுக்கொண்டு, இந்தக் கூட்டமும் சத்தமும் அடங்குகிற வரைக்கும் நம் வீட்டில் இருக்கட்டும் என்று மறுநாள் செஞ்சிக்கு அழைத்து வந்தேன். உன்னிடம் "ஆளைப் பிடிச்சாச்சு" என்று சொன்னேன். நீ சந்தோஷப்பட்டாய். பொய் சொன்னதாக நினைக்காதே, அப்போது எனக்கும் ரெண்டு நாள் தூங்கவைத்து ரயிலேற்றுவதாகத்தான் எண்ணம்.

உன் ரூமில்தான் படுத்தாள். அணைத்து வைத்திருந்த போனையும் நான் சொன்ன பிறகு திரும்பப் போட்டாள். மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இழுத்து இழுத்து ஏறினாள், கேட்டால் சும்மா தசைப்பிடிப்பு என்றாள். சாப்பாட்டுத் தட்டை முதலில் போட்டோ எடுத்து உங்கள் கேம்பில் சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கிற சாருக்கு அனுப்ப வேண்டுமாம். உன் நைனா இட்லிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துச் சிரித்தார், அதையும் சேர்த்துத்தான் எடுத்தாள். அதற்கு என்ன மதிப்பெண் வந்தது என்று தெரியவில்லை. அவ்வளவு போட்டோ எடுத்தும் சாப்பிட்டது மூன்றே இட்லி. மாவு மூட்டை மாதிரி ஆகிவிட்டால் ஓட முடியாது, எடை பார்ப்பார்கள் என்றாள். விடியற்காலை வாசல் தெளிக்க வந்தால் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் ஷூ, இன்னொரு ஷூ கையில். லீவிலும் ஓட வேண்டும் என்று அட்டவணை கொடுத்திருக்கிறார்களாம். ஏண்டி உக்காந்துட்ட என்றேன். "போட முடியல பெரிம்மா. ஷூவ பாத்தாலே வாந்தி வர்ற மாதிரி இருக்குது. முன்னல்லாம் இத தலமாட்டுல வெச்சுக்கினு தூங்குவன். யாராண்டயும் சொல்லாதீங்க" என்று சொல்லி அந்தக் கையிலிருந்த ஷூவிலேயே முகத்தை வைத்து அழுதாள். நான் வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காபி குடிக்கறியா என்றேன், குடிக்கிறேன் என்றாள், அவ்வளவுதான் அன்றைக்கு என் ஆறுதல்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாம் என்று புறப்பட்டு, தூரம் ஒண்ணும் இல்லையே என்று வழக்கமாகக் கேட்பது போலக் கேட்டேன். அதற்கு அவள், "அந்தத் தொல்லையே இல்ல பெரிம்மா, நின்னுபோயி ரொம்ப நாளாச்சு. நல்லதாப் போச்சு, நாங்க போடறது வெள்ள ஷார்ட்ஸ்" என்றாள். இதைப் படித்ததும் நீ முகத்தைச் சுளிப்பாய், அம்மா இதையெல்லாம் எழுதுகிறாளே என்று. சுளித்து முடித்துவிட்டு மேலே படி. இதைச் சாரிடம் எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க பெரிம்மா, எனக்கு அவருகிட்ட வாய் வராது, அங்க சொல்றதுக்கு ஒரு பொம்பளையும் கிடையாது" என்றாள். நீங்கள் அவள் முதுகில் பொட்டலம் மாதிரி ஒரு மெஷினைக் கட்டி எவ்வளவு ஓடினாள், எவ்வளவு வேகம், எத்தனை முறை மோதினாள் என்று பார்க்கிறீர்கள். தூங்கும்போது நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்றுகூடப் பார்க்கிறீர்களாம். வயசுப் பெண்ணுக்கு மாதாமாதம் வருவது வரவில்லை என்பதை ஒருத்தரும் பார்க்கவில்லை. கோயிலை விட்டுவிட்டு, மெஹராஜ் பேகத்தின் தம்பி காரில் விழுப்புரத்துக்குக் கிளம்பினோம்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், காலை ஸ்கேன் பண்ணச் சொன்னார். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு ஓடுகிறாய், எவ்வளவு எடை தூக்குகிறாய் என்று கேட்டுக்கொண்டே வந்தவர் நடுவில் பேனாவை மூடிவிட்டார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடம்புக்கு வருகிற சாப்பாடு குறைச்சல், அது செய்கிற வேலை அதிகம், இடையில் ஓய்வே கிடையாது என்றால் உடம்பு எதை மூடலாம் என்று பார்க்குமாம். குழந்தை பெறுகிற வேலை இப்போது அவசரம் இல்லை என்று முதலில் அதை மூடும். அடுத்து எலும்பைக் கவனிப்பதை நிறுத்தும். கெண்டைக்காலுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் மயிரிழை மாதிரி விரிசல் ஆரம்பித்திருக்கிறது, அதைத்தான் இவள் தசைப்பிடிப்பு என்று மாத்திரை போட்டு ஓடியிருக்கிறாள். இன்னும் ஒரு டோர்னமெண்ட் ஆடியிருந்தால் மைதானத்திலேயே உடைந்திருக்கும் என்றார். தூக்கமும் அழுகையும் ஷூவைக் கண்டால் குமட்டுவதும்கூட இதே கணக்குத்தான், இது சோம்பேறித்தனம் இல்லை, பயமும் இல்லை, என்று அவர் அழுத்திச் சொன்னபோது நான் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்து உனக்குப் போன் போட்டேன். வரமாட்டாடா, நான் அனுப்ப மாட்டன் என்றேன். நீ முழுசாகக் கேட்கவே இல்லை. "அம்மா, உன்ன பேசத்தான் சொன்னன், டாக்டராண்ட கூட்டிப் போவ சொல்லல. எங்ககிட்ட டாக்டர் இருக்காரு, டேட்டா இருக்குது, அவ எல்லாத்துக்கும் நல்லா இருக்கன்னுதான் போட்டிருக்கா. நீ ரேஷன் அரிசிய பாரு, என் வேலைய நான் பாக்குறன்" என்று வைத்துவிட்டாய். மெஹராஜ் தம்பி எதிரில் நின்றுகொண்டிருந்தான். நான் சிக்னல் கட்டாகிவிட்டது என்று அவனிடம் சொன்னேன். மாறா, அரிசியைப் பார் என்று சொன்னதற்குக் கோபம் இல்லை, பார்த்துத்தான் உன்னை ஆளாக்கினேன். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு நானும் மூன்றே இட்லிதான் சாப்பிட்டேன், அதை மட்டும் தெரிந்துகொள்.

இனி வருவது உனக்குத் தெரியாத பங்கு. சின்ன வயசில் கட்டில் மேல் ஏறி நின்று என்னோடு சண்டை போடுவாயே, அந்தத் தைரியம் இருந்தால் படி. கலைமதி நம் வீட்டில் இருந்த நாளெல்லாம் காலையில் கண்ணைத் திறக்கும் முன்னாலேயே கை போனைத் துழாவும். தட்டு தட்டென்று தட்டிவிட்டுத் திரும்பிப் படுப்பாள். என்னடி அது என்று ஒரு நாள் கேட்டேன். தூக்கம் எப்படி, உடம்பு வலி எப்படி, மனசு எப்படி, டென்ஷன் எப்படி, பயிற்சிக்கு ஆசையா என்று கேள்வி வருமாம், ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் போட வேண்டுமாம், ஐந்து போட்டால் பச்சை, ஒன்று போட்டால் சிவப்பு. இவள் காட்டினாள், எல்லாம் பச்சை, புளியந்தோப்பு மாதிரி. அழுதுகொண்டே படியில் உட்கார்ந்திருந்த அன்றைக்கும் ஐந்துதான். ஏண்டி இப்படி என்றால், "மூணு போட்டா கூப்ட்டு விசாரிப்பாங்க பெரிம்மா. ரெண்டு தடவ விசாரிச்சா பெஞ்சுல ஒக்கார வெச்சிடுவாரு பெரிய கோச்சு. நான் மட்டும் இல்ல, எல்லாப் பொண்ணுங்களும் கண்ண மூடிக்கினு அஞ்சுதான்" என்றாள். இது யாருக்குப் போய்ச் சேருகிறது என்றேன். மாறன் சாருக்கு என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அப்புறம் உன்னை நினைத்து வருத்தமாகவும் இருந்தது. என் பிள்ளை கல்கத்தாவில் உட்கார்ந்து தினம் காலையில் இந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு, நம் பெண்கள் எல்லாரும் சொர்க்கத்தில் இருக்கிறார்கள் என்று நம்பி வேலை பார்க்கிறான். போன வருஷம் தீபாவளிக்கு வந்தபோது நீயே என்னிடம் சொன்னது ஞாபகம் வந்தது, "தோத்துட்டு வந்ததுலேந்து பொண்ணுங்ககிட்ட ரெண்டு மடங்கு வேல வாங்குறாங்கம்மா, அளவு மீறுது, நான் சொன்னா எங்க ஆதாரம்னு கேக்குறாரு" என்று சொன்னாய். ஆதாரத்தை இந்தப் பெண்களே பச்சை அடித்து மறைத்துவிட்டார்கள். நான் சொன்னேன், "அவன் கெட்டவன் இல்லடி, நீங்க அவன் கண்ண கட்டி விட்டிருக்கீங்க. நெசத்த போடு. இன்னா பண்ணிடுவான், நான் அவனப் பெத்தவ."

ரெண்டு நாள் யோசித்தாள். சாப்பிடும்போதெல்லாம் என்னைப் பார்ப்பாள், நான் ரசத்தைப் பார்ப்பேன். மூன்றாம் நாள் காலையில் எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டு அனுப்பிவிட்டுப் போனை எடுத்து வந்து என்னிடம் காட்டினாள். அதோடு விட்டாளா, கேம்பில் இருக்கிற தன் சிநேகிதிகள் குரூப்பில் ஸ்கேன் படத்தையும் போட்டு, டாக்டரம்மா சொன்னதையும் எழுதி, உங்களுக்கும் நின்னு போச்சாடி என்று கேட்டிருக்கிறாள். அதில் பாதிப்பேர் எனக்கும் எனக்கும் என்றிருக்கிறார்கள், இனி எல்லாரும் நெசத்தையே போடுவோம் என்று பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். உன் கம்ப்யூட்டரில் அணி மொத்தமும் சிவப்பாக வந்தது. சாப்ட்வேர் கெட்டுவிட்டது என்று நீ கம்பெனிக்கு மெயில் போட்டு, அவர்கள் இரண்டு மணி நேரம் சோதித்துவிட்டு எல்லாம் சரியாக வேலை செய்கிறது சார் என்று பதில் போட்டார்களாமே. அது கெடவில்லை தம்பி. அதைக் கெடுத்தது நான்தான். உங்கள் கிளப்பில் விசாரணை வைத்தால் என் பேரைத் தாராளமாகச் சொல், ஜெயக்கொடி, ரேஷன் கடை, செஞ்சி என்றால் தபால் வந்து சேரும்.

அதற்குப் பிறகு நீ செய்ததையும் அந்தப் பெண்கள் கலைமதிக்கும், கலைமதி எனக்கும் சொன்னார்கள். நீ அந்தச் சிவப்பை அப்படியே பெரிய கோச் ரூமுக்கு எடுத்துப் போனாயாம். அவர் கத்தினது வராண்டாவில் இருந்தவர்கள் காது வரைக்கும் கேட்டதாம். பெண்கள் நாடகம் போடுகிறார்கள் என்றாராம். நீ குரலை உயர்த்தாமல், "ஒரு வாரம் யாரையும் மைதானத்துல எறக்க மாட்டேன், அவங்க ரத்த டெஸ்ட் வரட்டும், நாடகம்னு வந்தா நானே பெட்டிய கட்டிக்கிறன்" என்றாயாம். டெஸ்ட் வந்தது, நாடகம் இல்லை என்று தெரிந்தது. இப்போது ஒரு நாள் கடுமை என்றால் மறுநாள் லேசு, வாரத்துக்கு ஒரு லேடி டாக்டர் வருகிறார், எடை பார்க்கிற மெஷினை ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டீர்கள் என்று கேள்வி. அதே சமயம் பெரிய கோச் ரெண்டு பெண்களை வேண்டாம் என்று ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார், உன்னால் தடுக்க முடியவில்லை. டோர்னமெண்டில் முதல் சுற்றிலேயே தோற்றீர்கள். கிளப் முதலாளி உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, மார்ச்சோடு உன் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டுவார்களா என்று தெரியவில்லை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு போனில் "சாப்டியா" என்று கேட்டிருக்கிறாய் பார், உன்னை நான் என்ன செய்வது. தோற்றதை உன் நைனாவும் நானும் டிவியில் பார்த்தோம். ஓரத்தில் நீ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். ஆட்டம் முடிந்ததும் ஒரு பெண் வந்து உன் தோளில் தலையை இடித்துவிட்டுப் போனாள், நீ சிரித்தாய். உன் நைனா, "தோத்தாலும் பொண்ணுங்க நொண்டாம நடந்து போவுதுங்க பாரு" என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது ஆடிக்கு ஒன்று, அதனால் எழுதி வைக்கிறேன். நீ இளைத்திருக்கிறாய். தினம் காலையில் அந்தப் பெண்களுக்கு வருகிற கேள்வியெல்லாம் உனக்கு யாராவது அனுப்புகிறார்களா. அனுப்பினால் நீ என்ன போடுவாய் என்று எனக்குத் தெரியும்.

கலைமதி எலும்பு ஒட்டிவிட்டது. மலையனூரில் அம்மாவோடு இருக்கிறாள், முதலில் நடந்தாள், இப்போது மெதுவாக ஓடுகிறாள். கல்கத்தாவுக்குத் திரும்புவாளா என்று கேட்காதே, அவளுக்கே தெரியவில்லை, நான் அவளை அந்தப் பக்கமும் தள்ளவில்லை இந்தப் பக்கமும் இழுக்கவில்லை. நேற்று டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கடைக்கு வந்தாள். பாமாயில் வரும் வரும் என்று வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கிறது, எல்லாருக்கும் என் மேல் எரிச்சல். இவள் வரிசையைச் சுற்றிக்கொண்டு வந்து கம்பி ஜன்னல் வழியாக என் காதருகில் குனிந்து, "பெரிம்மா, வந்துடுச்சு" என்றாள். எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் நான் தராசை விட்டுவிட்டு அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், "நெசமாவாடி, வந்துடுச்சா" என்று கேட்டுவிட்டேன், அது கொஞ்சம் சத்தமாகப் போய்விட்டது. வரிசையில் முன்னால் நின்ற கிழவி, "இன்னா வந்துடுச்சு, பாமாயிலா" என்றாள். பின்னால் நின்றவள் "வந்துடுச்சாம், வந்துடுச்சாம்" என்று அடுத்தவளுக்குச் சொல்ல, அது தெருமுனை வரைக்கும் போய், வீட்டில் இருந்தவர்களெல்லாம் கேனை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். நானும் அவளும் ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று சிரித்து, அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, எனக்கும் வந்து, கடைசியில் எண்ணெய் இல்லை என்று ஜனங்களிடம் நான் சொன்னபோது என்னை அடிக்காமல் விட்டது அங்காளம்மன் புண்ணியம். போகும்போது, சார்கிட்ட இதையும் சொல்லிடுங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சொல்லிவிட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னை நம்பி ஓடுகிற அந்தப் பெண்களும் எலும்பும் ரத்தமுமாகக் குறையில்லாமல் இருக்க வேண்டும், மார்ச்சில் அவர்கள் உன்னை வைத்துக்கொண்டாலும் சரி, அனுப்பினாலும் சரி, நீ தலையை நிமிர்த்தித்தான் நடக்க வேண்டும் என்று அம்மாவும் நைனாவும் மனசார வாழ்த்துகிறோம். வேளைக்குச் சாப்பிடு, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். முக்கியமான ஒன்று. குடும்ப அட்டையில் எல்லாரும் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வைக்கச் சொல்கிறேன், என் வீட்டு அட்டையிலேயே உன் ரேகை இல்லை. வராவிட்டால் உன் பேரை எடுத்துவிடுவார்கள், எடுக்கிறவளும் நான்தான். மீட்டிங் என்று சொல்லாமல் கட்டை விரலை எடுத்துக்கொண்டு வந்து சேர்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ஜெயக்கொடி துரைக்கண்ணு.